தீவு உங்களைத் தாங்க வேண்டும்

ஆகஸ்டில் சாண்டோரினிக்குப் போகாதீர்கள். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டீர்கள் என்றால், மாற்ற முடியுமா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். கிரேக்கத் தீவுப் பயணத்தில் நாம் செய்யக்கூடிய நல்லதிலும் கெட்டதிலும் பெரும்பகுதி, விமானம் ஏறுவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து நாள் குறிக்கும்போது முடிவாகிவிடுகிறது. அங்கே இறங்கிய பிறகு எவ்வளவு பணிவாக நடந்துகொண்டாலும், தாங்க முடியாத கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றதை அது ஈடுகட்டாது. கையில் இருப்பது ஐம்பதாயிரமா ஐந்து லட்சமா என்பது அப்புறம். எந்த மாதம், எந்தத் தீவு, எத்தனை இரவு என்ற மூன்று கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். செலவுக் கணக்கு பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும்.

சாண்டோரினியின் பரப்பு 76 சதுர கிலோமீட்டர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் பதினைந்தாயிரம் பேருக்குச் சற்று மேல். 2023இல் அங்கே வந்துபோனவர்கள் 34 லட்சம் பேர். நெரிசல் மிகுந்த நாட்களில் க்ரூஸ் கப்பல்களிலிருந்து மட்டுமே 17,000 பேர் வரை இறங்கியிருக்கிறார்கள். 2024 ஜூலையில் உள்ளூர் நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஒருவர், இன்றைக்குக் கப்பல் கூட்டம் அதிகம், ஊர்க்காரர்கள் வெளியே நடமாடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சமூக ஊடகத்தில் எழுதினார். மக்கள் கொதித்துப்போனார்கள். பதிவு நீக்கப்பட்டது. ஆனால் எழுதியதில் பொய் இல்லை. விருந்தாளி வருகிறான் என்பதற்காக வீட்டுக்காரனை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லும் நிலைமைக்கு ஒரு ஊர் வந்துவிட்டது. 2025 முதல் ஒரு நாளைக்கு 8,000 க்ரூஸ் பயணிகளுக்கு மேல் கூடாது என்று வரம்பு போட்டார்கள். கோடை உச்சத்தில் சாண்டோரினியிலும் மிக்கனோஸிலும் இறங்கும் க்ரூஸ் பயணி ஒவ்வொருவருக்கும் 20 யூரோ கட்டணம் வந்தது. அரசாங்கம் தன்னால் ஆனதைச் செய்கிறது. மீதி, நாள் குறிக்கிற நம் கையில்தான்.

சாண்டோரினியின் பழைய துறைமுகத்திலிருந்து ஃபிரா ஊருக்கு ஏறும் படிப்பாதையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 600 படிகள். செங்குத்தான எரிமலைச் சரிவில் வளைந்து வளைந்து ஏறுகிறது. கேபிள் காருக்கு வரிசை நீண்டுவிட்டால், பொறுமை இல்லாதவர்கள் கழுதைகளின் பக்கமும் கோவேறு கழுதைகளின் பக்கமும் திரும்புகிறார்கள். சாணம் மிதிபட்டு வழுக்கும் கல். உச்சி வெயில். நிழல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஏற்றிவிட்டு இறங்கி, மறுபடி ஏற்றிவிட்டு இறங்கி, கப்பல்கள் நங்கூரமிட்டிருக்கும் நேரமெல்லாம் அந்த விலங்குகள் நடக்கின்றன. சேணம் உரசி முதுகில் புண் வைத்த கழுதைகளை விலங்குநல அமைப்புகள் பலமுறை படம்பிடித்துக் காட்டிய பிறகு, 2018இல் கிரேக்க அரசு ஒரு விதி கொண்டுவந்தது: 100 கிலோவுக்கு மேலோ, விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ சுமை ஏற்றக் கூடாது. படிக்கட்டின் நடுவில் யார் தராசு வைத்துப் பார்ப்பார்கள்? ஆகவே ஏறாதீர்கள். குழந்தை ஆசைப்படுகிறது, ஒரே ஒரு ஃபோட்டோ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். வரிசையில் நில்லுங்கள். முழங்கால் ஒத்துழைத்தால் காலையிலேயே நடந்து ஏறுங்கள். இரண்டும் முடியாது என்றால் மேலே போகாமலேயே இருங்கள். அந்த ஊரைப் பார்க்காமல் திரும்புவதால் யாருக்கும் காயம் படாது.

வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டும். சாண்டோரினியின் ஓயாவில் எரிமலைக் குழிக் கடலைப் பார்த்தபடி இருக்கும் அழகான விடுதிகளுக்குப் படிகளில்தான் இறங்க வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவதும், சாப்பாட்டுக்கு மறுபடி ஏறுவதும் அவர்களுக்குத் தண்டனை. அவர்கள் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். பிள்ளை செலவு செய்திருக்கிறானே என்று அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவார்கள். நக்ஸோஸ் நகரத்தை ஒட்டியிருக்கும் செயின்ட் ஜார்ஜ் கடற்கரை சமதரை, தண்ணீர் ஆழமில்லை. கோஸ் தீவின் நகரப் பகுதி சைக்கிள் விடும் அளவுக்குத் தட்டையானது. பெற்றோருக்காகப் போகிற பயணம் என்றால் அவர்கள் முழங்காலை வைத்துத் தீவைத் தேர்ந்தெடுங்கள். நம் கைபேசித் திரையில் வந்த படத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மாதத்துக்கு வருகிறேன். மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர் பிற்பாதி, அக்டோபர் தொடக்கம் ஆகியவைதான் ஈஜியன் தீவுகளுக்குப் போக நல்ல காலம். செப்டம்பரில் கோடை முழுக்கச் சூடேறிய கடல் இன்னும் இதமாக இருக்கும். மே மாதத்தில் தண்ணீர் சில்லென்றிருக்கும், ஆனால் மலைச்சரிவுகளில் காட்டுப்பூக்கள் இருக்கும், அறை வாடகை குறைவு, பேச்சுக் கொடுக்க ஊர்க்காரர்களுக்கு நேரம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் இருப்பது வெயிலும், வடக்கிலிருந்து அடிக்கும் மெல்தெமி காற்றும், இரட்டிப்பு வாடகையும். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதில் ஒரு வாய்ப்பு தானாகவே அமைந்திருக்கிறது. நம் பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான் வருகிறது. ஐரோப்பியக் குடும்பங்களுக்கு இல்லாத வசதி அது. அதை விட்டுவிட்டு, ஊரெல்லாம் போகிற ஆகஸ்டில் நாமும் ஏன் போய் நெரிய வேண்டும்? லண்டனிலும் டொரொன்டோவிலும் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் தவிர வழியில்லை என்றால், கிரீட் போன்ற பெரிய தீவுக்குப் போகட்டும். 8,300 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த நிலம், சொந்த நகரங்கள், வயல்கள், மருத்துவமனைகள் உள்ள தீவு அது. நம்மைப் போன்றவர்களை அது தாங்கும்.

ஆகஸ்ட் 15 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அன்னை மரியாவின் பெருவிழா. தீனோஸ் தீவில் 1823இல் கண்டெடுக்கப்பட்ட படிமம் இருக்கும் கோயிலுக்கு நாடெங்குமிருந்து பக்தர்கள் வருகிறார்கள். துறைமுகத்திலிருந்து மேட்டுத் தெரு முழுவதும் முழங்காலிட்டுத் தவழ்ந்து ஏறுகிறவர்கள் உண்டு. நேர்த்திக்கடன் தீர்க்க வந்தவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். அந்த வாரத்தில் கப்பலில் ஓர் இடம் அவர்களுக்குக் கிடைப்பது, நமக்குக் கிடைப்பதைவிட முக்கியம்.

இனிப் பணம். கடன் வாங்கிப் போகாதீர்கள். இதை எழுதும்போது தயக்கமே இல்லை. பெர்சனல் லோன் போட்டு, கிரெடிட் கார்டில் இஎம்ஐ போட்டுத் தேனிலவு போய்விட்டு, அதைக் கட்டி முடிப்பதிலேயே கல்யாணமான முதல் இரண்டு வருடத்தைக் கழிக்கிற பிள்ளைகள் நம் குடும்பங்களில் பெருகிவருகிறார்கள். கையில் இருக்கிற காசுக்கு ஏற்ற தீவு நிச்சயமாக இருக்கிறது. ஆதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாதாரணக் கப்பலில் ஒன்றேகால் மணி நேரத்தில் ஏகினா. ஆதென்ஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை போகிற தீவு. பைன் மரங்களுக்கு நடுவே அஃபாயா கோயில், பிஸ்தா தோட்டங்கள், துறைமுகத்தில் படகிலேயே காய்கறி விற்கிறவர்கள், குளிக்கக் கடல் எல்லாம் அங்கே உண்டு. வேலை விஷயமாக ஆதென்ஸ் போய், ஒரே ஒரு நாள் மிச்சமிருக்கிறவரும் போய்வரலாம். இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நக்ஸோஸ். சாதாரணக் கப்பலில் ஐந்து, ஐந்தரை மணி நேரம். அதிவேகப் படகு விரைவாகப் போகும், ஆனால் கட்டணம் நன்றாக ஏறும், காற்றடித்தால் முதலில் நிற்பதும் அதுதான். பெரிய கப்பலின் மேல்தட்டில் உட்கார்ந்து, தீவு தீவாகக் கடந்து போவதே பயணத்தின் பாதி இன்பம். கிரீட்டுக்கு இரவுக் கப்பல் எடுத்தால் ஓர் இரவு விடுதிச் செலவு மிச்சம். தீவுக்குள் கேடெல் பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றில் ஏறுங்கள். அறை வாடகையைத் தவிர, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு விடுதித் தரத்துக்கு ஏற்ப 2 யூரோவிலிருந்து 15 யூரோ வரை காலநிலைக் கட்டணம் 2025 முதல் உண்டு. வரவேற்பு மேசையில் அதைப் பார்த்துவிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போடாதீர்கள். முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

ஐந்து நாளில் நான்கு தீவு என்று அட்டவணை போட்டுக் கொடுக்கும் ஏஜென்டுகளை நம்பாதீர்கள். நான்கு துறைமுகத்தையும் நான்கு காத்திருப்புக் கூடத்தையும்தான் பார்ப்பீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு தீவு, அதிகம் போனால் இரண்டு. நீண்ட நாள் தங்கினால், வீட்டுக்காரரிடம் நேரடியாக எழுதிக் கேட்டு வாடகையில் சலுகை பெறலாம். இணையதளத்துக்குப் போகும் கமிஷன் இருவருக்கும் மிச்சம்.

விசா விஷயத்தில் நம்மவர்கள் செய்வதைப் பார்த்து மனம் நோகிறது. இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, நிராகரித்தாலும் திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குள் வந்துவிட்டால் தாமதம். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். இவ்வளவுதான் விதி. இதற்குள் நேர்மையாக நடப்பது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. ஆனால் நடப்பது என்ன? வங்கியில் காட்டுவதற்காக மச்சானிடம் இரண்டு மாதத்துக்குப் பணம் வாங்கிப் போடுகிறோம். டம்மி டிக்கெட் எடுக்கிறோம். போகவே போகாத ஊரில் பத்து நாள் அறை பிடித்து, விசா முத்திரை விழுந்த மறுநாள் ரத்து செய்கிறோம். எந்த நாடு சுலபமாகக் கொடுக்கிறதோ அங்கே வாங்கிக்கொண்டு வேறெங்கோ போகிறோம். ஏஜென்ட் எல்லாரும் செய்வதுதான் சார் என்பார். எல்லாரும் செய்ததால்தான் அடுத்து விண்ணப்பிக்கும் நேர்மையான மாணவியின் காகிதத்தையும், அம்மாவைப் பார்க்கப் போகும் மகனின் காகிதத்தையும் விசா அதிகாரி சந்தேகத்தோடு புரட்டுகிறார். நம் பொய்க்கு அவர்கள் விலை கொடுக்கிறார்கள். பயணத்தின் முதல் காகிதத்திலேயே பொய் எழுதாதீர்கள்.

அடுத்து, தண்ணீர். இதைப் படிக்கிறவர்களில் பலர் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்கள், அல்லது காத்திருந்தவர்களின் பிள்ளைகள். உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2024 கோடையில் நக்ஸோஸின் பெரிய நீர்த்தேக்கம் வற்றிப்போனது. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, கடல்நீர் உள்ளே புகுந்து பாசனக் கிணறுகள் உப்பாயின. அந்தத் தீவின் உருளைக்கிழங்கு கிரேக்கம் முழுக்கப் பேர்பெற்றது. அந்த ஆண்டு விளைச்சல் அடிவாங்கியது. கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரங்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் நீச்சல் குளங்களுக்கும் அதிலிருந்து கிடைத்தது. வயலுக்கு அது போதவில்லை. அதே ஆண்டில் லெரோஸும் சிஃப்னோஸும் தண்ணீருக்காக நெருக்கடி நிலை அறிவித்தன. ஆகவே வசதி உள்ளவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: அறைக்கு அறை தனி நீச்சல் குளம் உள்ள விடுதியை எடுக்காதீர்கள். நூறு அடியில் ஈஜியன் கடல் இருக்கிறது. காசு இருப்பவர் அங்கே செய்யக்கூடிய நல்லது வேறு நிறைய உண்டு. கூட்டமில்லாத மாதத்தில் போய் நிறைய நாள் தங்கலாம். அரசு அங்கீகாரம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியை நாள் முழுக்க அமர்த்திக்கொள்ளலாம். ஊர்ப் பானைக்காரரிடம் பேரம் பேசாமல் வாங்கலாம். குறைந்த செலவில் போகிறவர்களும் தினமும் துவைத்து, இரண்டு வேளை நீண்ட குளியல் போடும் வழக்கத்தை அந்த ஒரு வாரம் சுருக்கிக்கொள்ளட்டும். கழிப்பறையில் காகிதத்தைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போடச் சொல்லி எழுதியிருப்பார்கள். குழாய்கள் குறுகலானவை. அந்தச் சொல்லைக் கேளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்களுக்கு, அதுவும் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு, வீண் பயம். பெட்டி நிறைய ரெடிமேட் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய், விடுதி அறைக் கெட்டிலில் சமைத்துச் சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அந்த ஊரில் ஒரு குடும்பத்துக்கும் உங்களால் ஒரு வேளை வருமானம் இல்லை. கிரேக்கர்கள் ஈஸ்டருக்கு முன் நாற்பது நாளும், வருடத்தில் வேறு பல நாட்களும் இறைச்சி, பால், முட்டை விலக்கி விரதம் இருக்கும் வழக்கம் உள்ளவர்கள். பருப்பும் கீரையும் அவர்கள் அடுப்பில் எப்போதும் உண்டு. சாண்டோரினியின் ஃபாவா, மசித்த மஞ்சள் பருப்பில் ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்டது. சிஃப்னோஸில் ரெவிதாதா செய்கிற விதத்தைக் கேளுங்கள். ஊறவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலை, வெங்காயம், பிரிஞ்சி இலை, ஆலிவ் எண்ணெய், தண்ணீர். அதை உள்ளூர் மண்பானையில் போட்டு மூடி, சனிக்கிழமை சாயங்காலம் விறகு அடுப்பில் வைத்துவிடுகிறார்கள். இரவு முழுக்க மெல்லிய சூட்டில் வேகிறது. ஞாயிறு காலை கோயில் முடிந்து வருகிறவர்கள் பானையை எடுத்துப் போகிறார்கள். கடலை தோலோடு வெண்ணெயாகக் குழைந்திருக்கும். எலுமிச்சை பிழிந்து ரொட்டியோடு சாப்பிட வேண்டும். இதற்கு மேல் ஒரு சைவச் சாப்பாடு யாருக்கு வேண்டும்? விலையும் மலிவுதான். மீன் சாப்பிடுகிறவர்கள், கிலோவுக்கு என்ன விலை என்று கேட்டு, எடை போட்ட பிறகு சொல்லுங்கள். கேட்காமல் சாப்பிட்டுவிட்டுக் கடைக்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை. ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்கத் தேவையில்லை என்று உணவுப் பட்டியலிலேயே அச்சிட்டிருக்கும். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீது போட்டால்தான் அரசுக்கு வரி போகும், அந்த வரியில்தான் தீவின் பள்ளிக்கூடமும் மருந்தகமும் நடக்கின்றன.

பள்ளிக்கூடம் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. செப்டம்பரில் இந்தத் தீவுகளுக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வருடம் முழுக்கத் தங்க விடுவதில்லை. கோடை வந்தால் காலி செய்யச் சொல்கிறார்கள், அந்த வீடு இரவு வாடகைக்குப் போக வேண்டும். ஏர்பிஎன்பி மாதிரியான தளங்களில் வீடு எடுக்கிறீர்கள் என்றால், விளம்பரத்தில் அரசுப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். இல்லாத வீட்டைத் தொடாதீர்கள். என்னைக் கேட்டால், பதிவு எண் உள்ள தனி வீட்டைவிட, குடும்பம் கீழே வசித்துக்கொண்டு மாடியில் நான்கு அறை வாடகைக்கு விடும் இடமே மேல். உங்கள் பணம் அந்தச் சமையலறைக்கே போகும். அங்கே மதியம் மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை கோடையில் ஓய்வு நேரம். சட்டப்படியே சத்தம் கூடாது. நம் வீட்டு மொட்டை மாடி மாதிரி ஸ்பீக்கர் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப் போங்கள், அல்லது நீங்களும் தூங்குங்கள்.

கரையில் இருக்கும்போது கையை அடக்குங்கள். ஒரு கூழாங்கல்தானே என்று எடுக்க வேண்டாம், உடைந்த பானை ஓடு கிடைத்தால் தொடவே வேண்டாம். தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது கிரேக்கத்தில் கடும் குற்றம். ஸாகிந்தோஸின் லகனாஸ் வளைகுடாவில் கடலாமைகள் முட்டையிடும் கரைகளைக் காப்பதற்காகவே 1999இல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். முட்டையிடும் காலத்தில் பொழுது சாய்ந்த பிறகு அந்தக் கரைகளில் கால் வைக்கக் கூடாது. குடைக் கம்பியை மணலில் ஆழக் குத்தினால் கீழே முட்டைகள் இருக்கலாம். ஆமையைத் துரத்திக் காட்டுகிறேன் என்று கூப்பிடும் படகில் ஏறாதீர்கள்.

நெருப்பு எல்லாவற்றையும்விடப் பயங்கரம். 2024 ஜூனில் ஹீத்ரா தீவின் பைன் காடு எரிந்தது. கடலில் நின்ற ஒரு சொகுசுப் படகிலிருந்து விட்ட வாணவேடிக்கைதான் காரணம் என்று தீயணைப்புத் துறை சொன்னது. மோட்டார் வாகனங்களுக்குத் தடையுள்ள தீவு அது. அந்தக் காட்டுக்கு வண்டிப் பாதையும் இல்லை. தண்ணீரை எப்படி ஏற்றுவார்கள்? அதற்கு முந்தைய ஆண்டு ரோட்ஸ் தீவில் காட்டுத் தீ ஊர்களை நெருங்கியபோது ஏறக்குறைய 19,000 பேரைச் சாலை வழியாகவும் கடல் வழியாகவும் அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. பள்ளிகளையும் விளையாட்டு அரங்குகளையும் ஊர் மக்கள் திறந்துவிட்டார்கள், தங்கள் வீட்டிலிருந்து பாயும் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். பிறந்தநாள், நிச்சயதார்த்தம் என்று பட்டாசு, ஆகாய விளக்கு எதையும் அங்கே யோசிக்காதீர்கள். சிகரெட் துண்டைக் காரிலிருந்து எறியாதீர்கள். 112 என்ற அவசர எண்ணிலிருந்து எச்சரிக்கைச் செய்தி வந்தால், பெட்டியை எடுக்கத் திரும்பாமல் கிளம்புங்கள்.

லெஸ்வோஸுக்குப் போங்கள் என்று சொல்வேன். 2015இல் மட்டும் சுமார் ஐந்து லட்சம் அகதிகள் ரப்பர் படகுகளில் வந்து கரையேறிய தீவு. ஸ்காலா சிகாமினியாஸ் என்ற சின்ன மீனவ ஊரில் மீனவர்கள் வலையை விட்டுவிட்டு ஆட்களைத் தூக்கினார்கள், பாட்டிகள் முன்பின் தெரியாத பிள்ளைகளை மடியில் வைத்துப் பால் புகட்டினார்கள். அதற்குப் பரிசாக அவர்களுக்குக் கிடைத்தது காலியான விடுதிகள். அடுத்த கோடையில் பயணிகள் பயந்து வேறு தீவுக்குப் போய்விட்டார்கள். நல்லது செய்த ஊரை இப்படித் தண்டிப்பது சரியா? மோலிவோஸ் கோட்டையும், கல்லாகிப்போன காடும், ப்ளோமாரியின் ஊசோ வடிசாலைகளும் அங்கேதான் இருக்கின்றன. வாடகை சாண்டோரினியில் பாதிகூட வராது. போகும்போது ஒன்றை மறக்க வேண்டாம். கரையில் இன்னும் உயிர்காப்புச் சட்டைகள் ஒதுங்கலாம், அகதி முகாமில் இன்னும் மக்கள் இருக்கிறார்கள். அவர்களைப் படமெடுக்காதீர்கள். இலங்கை அகதிகளுக்கான மண்டபம் முகாமைப் பார்த்தவர்களுக்கும், அதில் வாழ்ந்தவர்களுக்கும் இது புரியும்.

வெயிலைக் குறைத்து எடை போடுகிறவர்கள், நம் ஊர் வெயிலைப் பார்த்த எங்களுக்கு இது என்ன என்பார்கள். 2024 ஜூனில் சில வாரங்களுக்குள் பல தீவுகளில் வெளிநாட்டுப் பயணிகள் நடைபயணத்தில் இறந்துபோனார்கள், சிலர் காணாமல் போனார்கள். சிமி தீவில் இறந்தவர் மைக்கேல் மோஸ்லி. மருத்துவம் படித்தவர், உடல்நலம் பற்றிப் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர். கல்லும் முள்ளுமான நிழலற்ற மலையில் பகல் ஒரு மணிக்கு யாருடைய படிப்பும் உதவாது. நடப்பதென்றால் விடியலில் கிளம்பிப் பத்து மணிக்குள் திரும்புங்கள், தனியாகப் போகாதீர்கள், எந்தப் பாதையில் போகிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சிறு தீவுகளில் இருப்பது சுகாதார நிலையம்தான். பெரிய ஆபத்து என்றால் ஹெலிகாப்டர் வர வேண்டும். குவாட் பைக்கும் ஸ்கூட்டரும் வாடகைக்குக் கிடைக்கும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல், ஹெல்மெட் இல்லாமல், குடித்துவிட்டு எடுத்தால் காப்பீடு கைவிடும், எதிரே வருகிறவர் உயிருக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

கடைசியாக ஒரு நாளைக் கூட்டிப் போடுங்கள். காற்று பலமாக அடித்தால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை ஆதென்ஸில் விமானம் இருக்கிறது என்று டிக்கெட் கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் கத்துவதால் கடல் அடங்காது. திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஆதென்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான பணம் இல்லையென்றால் தீவில் ஓர் இரவைக் குறையுங்கள்.

இதையெல்லாம் படித்த கையோடு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எது மலிவு என்று பார்ப்பதற்காக இலவச ரத்து வசதியில் மூன்று தீவுகளில் அறை பிடித்து வைத்திருப்பவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பீர்கள். போகாத இரண்டையும் இன்றிரவே ரத்து செய்யுங்கள். கடைசி நாள்வரை பிடித்துவைத்திருந்து விடுவது சட்டப்படி சரிதான். ஆனால் நான்கே அறைகளை வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க ஓட்டும் ஒரு குடும்பத்துக்கு, அந்தத் தேதியை இன்னொருவருக்குக் கொடுக்க அவகாசம் வேண்டும்.